எம்.எம்.சி.க்கு வயது என்ன, ஜி.எச்.சும் அதுவும் ஒன்றா?

மகளுக்கு எம்.எம்.சி.யில், அதாவது சென்னை மருத்துவக் கல்லூரியில், இடம் கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். நீங்கள் கேட்டது மூன்றே வரி. ஜி.எச். என்கிற அரசு பொது ஆஸ்பத்திரி 1664-ல் தொடங்கியது என்று ஓரிடத்திலும், கல்லூரி 1835 என்று இன்னோரிடத்திலும் போட்டிருக்கிறது, எது சரி? ஆசியாவிலேயே பழைய மருத்துவக் கல்லூரி என்கிறார்களே, உண்மையா? எழும்பூர் ஆஸ்பத்திரிகளும் இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவைதானா? மேலோட்டமாகப் பார்த்தால் தேதிக் கணக்கு. ஆனால் பெண்ணை வெளியூர் அனுப்பப் போகும் ஒரு தகப்பனார் கேட்கிறார் என்பதால், உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. இந்தக் கல்லூரி என்பது எது, என் மகள் எங்கே, யாரிடம் படிக்கப் போகிறாள் என்பதுதான் அது. நான் 1980-களில் அங்கே எம்.பி.பி.எஸ். படித்தவன். பிறகு பொது மருத்துவத்தில் முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றேன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. அதனால் எது உறுதி, எது வார்டில் வழிவழியாகச் சொல்லும் கதை என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

இரண்டு தேதியும் சரிதான். ஆஸ்பத்திரி முந்தியது, படிப்பு பிந்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் நோயில் விழுந்தால் கிடத்துவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சர் எட்வர்ட் விண்டர் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்தபோது, 1664 நவம்பர் 16 அன்று, ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கியது. 1690-ல் எலிஹு யேல் காலத்தில் கோட்டைக்குள்ளேயே அதற்குப் புது இடம் கிடைத்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். பிறகு பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தது. ஆஸ்பத்திரி கோட்டையை விட்டு வெளியேறி இருபது வருடம் போல இடம் மாறி மாறி அலைந்து, 1772-ல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. எதிரே சென்ட்ரல் ஸ்டேஷன் எழும்பியது அதற்கு நூறு வருடம் கழித்து, 1873-ல்.

விழா மலர்களில் "350 ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பணியில்" என்று அச்சிடுவார்கள். அதைக் கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும். இந்தியர்கள் நோயாளிகளாக அந்த வாசலுக்குள் போக முடிந்தது 1842-ல்தான். அதாவது முதல் 178 வருடம் அது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்களுக்கு என்ன இருந்தது என்றால், வடக்கே 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம். அந்தக் கஞ்சித்தொட்டியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும். அது தனிக் கல்லூரி, தனிக் கதை. ஆனால் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு ஜி.எச். பெருமையை மட்டும் பேசினால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

படிப்பு எப்படி வந்தது? கம்பெனிக்கு டாக்டர்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்தார்கள். ஆனால் மருந்து கலக்க, புண் கட்ட, ஜில்லா டிஸ்பென்சரிகளில் உட்கார ஆள் வேண்டுமே. அதற்காக ஐரோப்பியர், கலப்பு வம்சத்து யூரேசியர், உள்ளூர்க்காரர் என்று பையன்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பழக்கினார்கள். 1827-ல் சூப்பரின்டெண்டெண்டாக வந்த டாக்டர் மார்டிமர் சொந்தமாக ஒரு மெடிக்கல் ஹால் நடத்தினார். கவர்னர் சர் பிரெடரிக் ஆடம் அதை அரசு பள்ளியாக்கி 1835 பிப்ரவரி 2 அன்று திறந்து வைத்தார். கவனியுங்கள், பள்ளி, கல்லூரி இல்லை. 1850 அக்டோபர் 1 அன்றுதான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் என்ற பெயர் வந்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபின் பட்டம் என்ற பேச்சு எழுந்தது. இன்று பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அது 1988-லிருந்து. ஆக, கல்லூரி ஒன்றைக் கட்டி அதற்கு ஓர் ஆஸ்பத்திரி சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் பற்றாமல் கல்லூரி முளைத்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

இனி அந்த "ஆசியாவிலேயே" பேச்சு. கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு உத்தரவு பிறந்தது 1835 ஜனவரி 28. நமக்கு பிப்ரவரி 2. ஐந்து நாள் வித்தியாசம். அவர்கள் உத்தரவு தேதியைச் சொல்கிறார்கள், நாம் திறப்பு தேதியைச் சொல்கிறோம். அங்கே வகுப்பு தொடங்கியது பிப்ரவரி 20 என்பார்கள். அப்படியானால் நாம் முந்தி என்று எம்.எம்.சி.க்காரர்கள் மார்தட்டலாம். ஆனால் கல்கத்தா தொடக்கத்திலிருந்தே கல்லூரி, நாம் பதினைந்து வருடம் பள்ளி. மதுசூதன் குப்தா 1836-ல் அங்கே சடலத்தை அறுத்துக் காட்டியது இந்திய மருத்துவக் கல்வியில் பெரிய சம்பவம். இதற்கெல்லாம் முன்பே, 1823-ல், பக்கத்துப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். இன்று அங்கே இருக்கும் ஜிப்மர் மருத்துவக் கல்லூரி தன் வேரை அந்தப் பள்ளியில்தான் காட்டுகிறது. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: பிரிட்டிஷ் இந்தியாவில் ஆங்கில மருத்துவம் கற்பித்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரிகளில் மிகப் பழைய இரண்டில் ஒன்று. அதற்கு மேல் "முதல்" என்று யாராவது சொன்னால், எதை எண்ணினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் உங்கள் மகளுக்கு முக்கியம். ஆம், எழும்பூரில் இருப்பவையும் இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவைதான், ஆனால் கிளை என்று சொன்னால் தப்பாகிவிடும். ஜி.எச்.சுக்கும் கல்லூரிக்கும் ஒரே டீன். எழும்பூர் ஆஸ்பத்திரிகளுக்குத் தனித்தனி டைரக்டர். அவர்கள் கல்லூரியின் பேராசிரியர்களும்கூட. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அவசரத்துக்குப் பிறந்தது. சில கல்லூரியைவிட மூத்தவை. இதே கல்லூரியைச் சேர்ந்த கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் கதை 1794-ல் வாலன்டைன் கொனாலி என்ற கம்பெனி டாக்டர் நடத்திய காப்பகத்தில் தொடங்குகிறது. இப்போதிருக்கும் இடத்துக்கு 1871-ல் வந்தது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சென்னையில் கிண்டலடிப்பார்கள். மனநோய் வார்டில் ஒரு வாரம் உட்கார்ந்து வந்த மாணவர் யாரும் அந்தச் சொல்லை மறுபடி வாயில் எடுத்து நான் கேட்டதில்லை.

கண்ணாஸ்பத்திரி 1819. முதலில் ராயப்பேட்டையில் இருந்து பிறகு எழும்பூருக்கு வந்தது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண்ணாஸ்பத்திரி 1805. அதற்கடுத்து உலகத்திலேயே இரண்டாவது பழைய கண்ணாஸ்பத்திரி இதுதான் என்று சொல்லித்தான் எங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் இங்கிலாந்திலேயே எக்ஸிட்டர் நகரில் 1808-ல் ஒன்று திறந்திருக்கிறார்கள். ஆகவே "இரண்டாவது" என்பதைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். ஆசியாவில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். "மெட்ராஸ் ஐ" என்ற பெயர் 1918 வாக்கில் இங்கே அந்த நோயை விவரித்ததால் வந்தது என்பதும் அப்படித்தான். எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன், சத்தியம் செய்யமாட்டேன். உறுதியானவை வேறு இருக்கின்றன. ராபர்ட் ஹென்ரி எலியட் இங்கே சூப்பரின்டெண்டெண்டாக இருந்தபோதுதான், கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை போகும் கிளாகோமாவுக்கு, வெள்ளைவிழியின் ஓரத்தில் நுணுக்கமாக ஒரு துளை போட்டு நீரை வடியவிடும் அறுவை முறையை வகுத்தார். உலகம் முழுக்க அதை எலியட் பெயரிலேயே செய்தார்கள். மெட்ராஸில் அவருக்குக் கிடைத்தது வெயிலும் கூட்டமும். அந்தக் கூட்டம்தான் ஆயிரக்கணக்கான கண்களை அவர் கைக்குக் கொண்டுவந்தது. 1945-ல் இந்தியாவின் முதல் கண் வங்கி இதே ஆஸ்பத்திரியில்தான் தொடங்கியது.

பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி 1844-ல் தொடங்கி, 1882-ல் இப்போதைய இடத்துக்கு வந்தது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்களுக்கு இருப்பது மகள் என்பதால். மேரி ஆன் ஷார்லீப் ஒரு வக்கீலின் மனைவியாகக் கணவரோடு மெட்ராஸ் வந்த ஆங்கிலேயப் பெண். திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்கள், ஆண் டாக்டரைத் தொடவிடாமல் பிரசவத்திலேயே சாவதைக் கேள்விப்பட்டு, முதலில் எழும்பூரில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். பிறகு டாக்டருக்கே படிக்க வேண்டும் என்றார். சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஆதரவாக நின்றார். 1875-ல் அவரோடு இன்னும் மூன்று பெண்களை எம்.எம்.சி. சேர்த்துக்கொண்டது. அந்த நாளில் இங்கிலாந்திலேயே பெண்களுக்குக் கதவு சரியாகத் திறக்கவில்லை. எடின்பரோவில் சேர்ந்த பெண்களைப் பட்டம் தராமல் விரட்டியிருந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டது 1878-ல்தான். ஷார்லீப் அதே 1878-ல் இங்கே படிப்பை முடித்து, லண்டன் போய் 1882-ல் எம்.பி. பட்டமும் வாங்கித் திரும்பி, 1885-ல் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் பழைய சென்னைக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி.

ஆனாலும் இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிட முடியாது. சேர்த்துக்கொண்ட நால்வரும் இங்கிலாந்து, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண்கள். தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி அங்கே பட்டம் வாங்கி வெளியே வரப் பல வருடம் ஆனது. புதுக்கோட்டை முத்துலட்சுமி 1907-ல் சேர்ந்து 1912-ல் படிப்பை முடித்தார். தாயார் தேவதாசி குலத்தவர் என்பதற்காக ஊர் பேசிய பேச்செல்லாம் தாண்டி வந்தவர். பிற்பாடு சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியதும் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் படித்தபோது வகுப்பில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு இருப்பார்கள். இப்போது பாதியைத் தாண்டுவதாகச் சொல்கிறார்கள், உங்கள் மகளே எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்.

எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ஆ. லட்சுமணசாமி முதலியார். எம்.எம்.சி.க்கு 1939-ல் முதல் இந்திய முதல்வரானவர். பிறகு 27 வருடம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பிரசவ மருத்துவத்தில் அவர் எழுதிய பாடப்புத்தகம் எழும்பூர் வார்டில் கண்ட கேஸ்களிலிருந்து விளைந்தது. வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண் ஓர் ஓரத்தில் இருப்பாள். எழும்பூரில் அவள்தான் முதல் படுக்கையில் இருப்பாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி இவற்றில் இளையது. 1948-ல் ஜி.எச்.சுக்குள் ஒரு பிரிவாகத் தொடங்கியது, டாக்டர் எஸ்.டி. ஆச்சார் வளர்த்தார், 1968-ல் ஹால்ஸ் ரோட்டுக்குப் போனது. இப்போது அந்தத் தெருவுக்குத் தமிழ்ச் சாலை என்று பெயர், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால்தான் சட்டென்று புரியும். கே.கே. நகர் புனர்வாழ்வு ஆஸ்பத்திரியும் உண்டு, அங்கே உங்கள் மகள் அதிகம் போகமாட்டாள்.

ஜி.எச். வாசலில் ஒரு சிலை நிற்கும், அதை மகளுக்குக் காட்டுங்கள். டாக்டர் ரங்காச்சாரி. இதே கல்லூரியில் படித்தவர், 1934-ல் இறந்தார். வெளியூர் நோயாளிகளைப் பார்க்கச் சொந்தமாக விமானம் வைத்துப் பறந்தவர். எங்கள் சீனியர்கள் அவரைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள். அதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். விமானம் மட்டும் நிஜம்.

இவ்வளவு பழங்கதை பேசிவிட்டு, நான் படித்த காலத்தில் அங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் குறை. 1986-ல் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுனிதி சாலமன் தன் பட்டமேற்படிப்பு மாணவி நிர்மலாவை எச்.ஐ.வி.யைத் தேடச் சொன்னார். இந்தியாவில் அந்த நோய் வராது, நம் பண்பாடு அப்படி என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து நிர்மலா ரத்தம் எடுத்தார். வசதி இல்லாததால், ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற தெளிநீரை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். பரிசோதனைக்கான ஏற்பாடு வேலூர் சி.எம்.சி.யில்தான் இருந்தது, கணவரோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின, அதாவது எச்.ஐ.வி. இருப்பதற்கான அடையாளம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. பெரிய ஆய்வுக்கூடமோ பெரிய நிதியோ இல்லை. ஒரு பேராசிரியர் கேட்ட கேள்வியும், கேட்டதும் கிளம்பிய ஒரு மாணவியும் இருந்தார்கள். கான்டீனில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டபோது எங்களில் பலர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இனி நடைமுறை. முதல் வருடம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். 1897-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் உடற்கூறு படித்தார்கள். எங்களுக்கு அது "ரெட் ஃபோர்ட்". இப்போது வகுப்புகளுக்குப் பழைய மத்தியச் சிறை இருந்த நிலத்தில் புதுக் கட்டடங்கள் வந்துவிட்டன. ஜெயிலுக்குப் படிக்கப் போகிறேன் என்று பிள்ளைகள் ஜோக்கடிப்பார்கள். வருடத்துக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள் என்பதால் கூட்டம் அதிகம். இரண்டாம் வருடத்திலிருந்து காலையில் வார்டு. கண், பிரசவம், குழந்தை போஸ்டிங், அதாவது அந்தத் துறை வார்டுகளில் பயிற்சி முறை, வரும்போது எழும்பூர். பார்க் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் ஒரே நிறுத்தம். பாடத்திட்டத்தைச் சில வருடம் முன்பு மாற்றிவிட்டார்கள், முதல் வருடத்திலேயே நோயாளியைக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எந்த வருடம் எந்தப் பரீட்சை என்பதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம், கல்லூரி அட்டவணையைப் பாருங்கள்.

மாறாதது யூனிட் முறை. ஒரு சீஃப், அவருக்குக் கீழ் சில அசிஸ்டென்ட், பி.ஜி.க்கள் என்ற பட்டமேற்படிப்பு மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்ற பயிற்சி டாக்டர்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஓ.பி. நாள், அட்மிஷன் நாள் என்று உண்டு. அட்மிஷன் நாளன்று படுக்கை நிரம்பித் தரையில் பாய் விரிப்பார்கள். பல பேர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நோயாளிக்கு அது குறைதான், மறுக்கமாட்டேன். மாணவருக்கு அங்கே கிடைப்பது எந்தத் தனியார் கல்லூரியிலும் விலைக்குக் கிடைக்காது. எதிரே சென்ட்ரல் இருப்பதால் நெல்லூர், சித்தூர்ப் பக்கமிருந்து ரயிலில் வந்து நேரே ஓ.பி. வரிசையில் நிற்பார்கள். அதனால் மகளுக்குக் கொஞ்சம் தெலுங்கு வந்தால் நல்லது. "எக்கட நொப்பி" என்று கேட்கத் தெரிந்தாலே பாதி கேஸ் ஷீட் எழுதிவிடலாம். சென்னைத் தமிழும் தனிப் பாடம்தான். "மார் அடிக்கிது" என்றால் படபடப்பு, வலி இல்லை. இதை வலி என்று எழுதி நான் சீஃபிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று, என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது. ஸ்டெதஸ்கோப்பை முதல் வருடமே வாங்க அவசரம் இல்லை. என் முதல் மெடிசின் போஸ்டிங்கில், டிசம்பர் மாதக் காலையில், வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெரியவரின் வயிற்றில் கையை வைத்தேன், கல்லீரல் தட்டுப்படுகிறதா என்று பார்க்க. அவர் துள்ளிவிட்டார். வயிறு இறுகிப்போனது, ஒன்றும் தட்டுப்படவில்லை. "இன்னா தம்பி, கையி ஐஸு மாரி கீது. தேச்சுக்கினு வையி" என்றார். தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தேன், விலா எலும்புக்குக் கீழே மூன்று விரற்கடை, விளிம்பு துல்லியமாகக் கிடைத்தது. பக்கத்தில் நின்றிருந்த அசிஸ்டென்ட் எதுவும் சொல்லவில்லை, அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டார்.